இக்காலுயிட் முதல் நூக் வரை: 822 கிலோமீட்டரா, 8,000 கிலோமீட்டரா?

நீங்கள் கேட்டது இதுதான். உங்கள் தம்பி கனடாவின் வடக்கில், பாஃபின் தீவிலுள்ள இக்காலுயிட்டில் வேலை பார்க்கிறார். டொராண்டோவிலிருந்து அவரைப் பார்க்கப் போகும் நீங்கள், அவரையும் அழைத்துக்கொண்டு எதிர்க்கரையிலிருக்கும் கிரீன்லாந்தின் தலைநகரம் நூக்கையும் பார்த்துவிட்டு வரலாம் என்று நினைக்கிறீர்கள். இணையத்தில் தூரம் தேடினால் ஒரு கருவி 822 என்கிறது, இன்னொன்று 826, வேறொன்று 444. நேரம் கேட்டால் ஒன்று 55 நிமிடம் என்கிறது, மற்றொன்று ஒன்றரை மணி நேரம். ஆனால் நீங்கள் குறித்த நவம்பர் தேதியில் டிக்கெட் தேடினால் இரண்டு நாள் பயணம் என்று காட்டுகிறது. "இதில் எதை நம்புவது?" என்பது உங்கள் கேள்வி.

எல்லாமே அதனதன் கணக்கில் சரி, அந்த 55 நிமிடத்தைத் தவிர. அதை மட்டும் மறந்துவிடுங்கள்.

அவசரத்தில் இருப்பவர்களுக்குச் சுருக்கமான விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். நேர்கோட்டுத் தூரம் சுமார் 825 கி.மீ. இந்த வழியில் பறக்கும் சிறிய விசிறி விமானத்தில், நகரத் தொடங்கியதிலிருந்து நிற்கும் வரை ஏறத்தாழ 1 மணி 50 நிமிடம். காற்றைப் பொறுத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்பின் ஆகலாம். ஆனால் அந்த விமானம் கோடையில் மட்டும், வாரத்துக்கு ஒரு முறை பறக்கும் விமானம். அது பறக்காத மாதங்களில் இதே இரண்டு ஊர்களுக்கு நடுவே நீங்கள் கடக்க வேண்டிய தூரம் ஏறத்தாழ 8,000 கி.மீ., அதாவது பத்து மடங்கு. வடக்கைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய பெரும்பாலானவை இந்தப் பத்து மடங்குக்குள்தான் இருக்கின்றன. நேரம் இருப்பவர்கள் மேலே படிக்கலாம்.

முதலில் எண்கள் ஏன் வேறுபடுகின்றன என்று பார்ப்போம். 444 என்பது கடல் மைல், 511 என்று எங்கேனும் பார்த்திருந்தால் அது சாதாரண மைல், 822 கிலோமீட்டர். மூன்றும் ஒரே தூரம். விமானிகளும் கப்பல்காரர்களும் கடல் மைலில்தான் பேசுவார்கள். பூமியின் மேற்பரப்பில் அட்சரேகையின் ஒரு பாகையை அறுபதாகப் பங்கிட்டால் வருவது ஒரு கடல் மைல், 1.852 கி.மீ. கணக்குப் போட வசதியான அலகு.

சரி, 822-க்கும் 826-க்கும் நடுவே நான்கு கி.மீ. எங்கே போயிற்று? பூமி எப்படிப்பட்ட உருண்டை என்பதில் போயிற்று. 822 சொல்லும் கருவி, பூமியை 6,371 கி.மீ. ஆரமுள்ள ஒழுங்கான பந்தாக வைத்துக்கொள்கிறது. உண்மையில் பூமி துருவங்களில் சற்றே அமுங்கி, நடுவில் பிதுங்கிய உருண்டை. அந்த வடிவத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், இவ்வளவு உயர்ந்த அட்சரேகையில் கிழக்கு மேற்காகப் போகும் தூரம் அரை சதவீதத்துக்கும் குறைவாக நீளும். அதுதான் 826. பயணிக்கு இது ஒரு பொருட்டே இல்லை. விமானம் ஓடுபாதைக்கு நேராகத் திரும்பிக்கொள்ளவே இதைவிட அதிகத் தூரம் சுற்றும்.

அடுத்தது வரைபடம் காட்டும் ஏமாற்று. இக்காலுயிட் 63.8 பாகை வடக்கிலும் நூக் 64.2 பாகை வடக்கிலும் இருக்கின்றன. ஆக, இரண்டும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் உள்ள ஊர்கள். தீர்க்கரேகையில் மட்டும் கிட்டத்தட்ட 17 பாகை இடைவெளி. சுவரில் மாட்டும் செவ்வக வரைபடத்தில் இந்த 17 பாகை, சென்னையின் அட்சரேகையில் உள்ள 17 பாகையின் அகலத்துக்கே தெரியும். சென்னை மட்டத்தில் அது 1,800 கி.மீ.க்கு மேல். ஆனால் தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்கிக்கொண்டே வருகின்றன, குடையின் கம்பிகள் உச்சியில் கூடுவதுபோல. 64 பாகையில் ஒரு பாகைக்கு 49 கி.மீ.தான். அதனால்தான் பாஃபின் தீவுக்கும் கிரீன்லாந்துக்கும் நடுவே, படத்தில் அகலக் கடலாகத் தெரியும் டேவிஸ் நீரிணை, நிஜத்தில் இரண்டு மணி நேரத்துக்குள் கடந்துவிடக்கூடியதாக இருக்கிறது. படத்தில் ஆப்பிரிக்காவுக்குச் சமமாகப் பருத்து நிற்கும் கிரீன்லாந்து, உண்மையில் அதில் பதினான்கில் ஒரு பங்குதான் என்பதற்கும் காரணம் இதே நீட்டல்தான்.

"வடக்கே விமானங்கள் வளைந்து போகும், அதனால் தூரம் மிகவும் குறையும்" என்று யாரோ சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். பெருவட்டப் பாதையைச் சொல்கிறார்கள். உருண்டையின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் அது படியும் கோடு அது. கொள்கை சரி, ஆனால் உங்கள் பயணத்துக்கு அது பெரிதாக உதவாது. இக்காலுயிட்டில் கிளம்பும் விமானம் நேர் கிழக்கிலிருந்து 11 பாகை வடக்கே சாய்ந்து புறப்படும். வழியில் மெல்ல மெல்லத் திசை மாறி, நூக்கை நெருங்கும்போது நேர் கிழக்குக்கு 4 பாகை தெற்கே நோக்கியிருக்கும். திசைமானி காட்டும் ஒரே திசையைப் பிடித்துக்கொண்டு போவதோடு ஒப்பிட்டால் இதில் மிச்சமாவது இரண்டு, இரண்டரை கி.மீ. அவ்வளவுதான்.

பெருவட்டத்தின் வித்தையைப் பார்க்க வேண்டுமானால் துருவத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உள்ள இரண்டு ஊர்களை எடுத்துக்கொள்ளுங்கள். நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில் லாங்கியர்பியன், அலாஸ்காவின் வடமுனையில் உட்கியாக்விக். படத்தில் ஒன்று இந்தக் கோடியில், ஒன்று அந்தக் கோடியில். நூலை உலக உருண்டையில் இழுத்தால் 3,380 கி.மீ.தான், ஏறக்குறைய துருவத்தின் மேலேயே. இந்த வழியைச் சும்மா கற்பனையில் சொல்லவில்லை. 1926 மே மாதம் அமுண்ட்சன், எல்ஸ்வொர்த், நோபிலே ஆகியோர் 'நோர்கே' என்ற வான்கப்பலில் ஸ்வால்பார்டிலிருந்து கிளம்பித் துருவத்தைக் கடந்து அலாஸ்காவின் டெல்லர் என்ற சிற்றூரில் இறங்கினார்கள். சுமார் மூன்று நாள் ஆயிற்று. இன்று அந்த இரண்டு நிலங்களுக்கும் நடுவே நேரடிப் பயணிகள் விமானம் கிடையாது. நூற்றாண்டு கடந்த பிறகும் சுற்றித்தான் போக வேண்டும். உங்கள் பயணத்திலும் இதே கதைதான், அளவில் மட்டும் சிறியது.

இனி நேரம். பெரும்பாலான தூரக் கருவிகள் ஒரு சோம்பேறிக் கணக்கை வைத்திருக்கின்றன: தூரத்தை மணிக்கு 800 கி.மீ. என்ற ஜெட் வேகத்தால் வகுத்து, ஏறி இறங்க அரை மணி சேர்த்துவிடும். 822-க்கு அப்படிச் செய்தால் ஒன்றரை மணி வருகிறது. அந்த அரை மணியையும் சேர்க்காமல், 900 கி.மீ. வேகத்தில் வகுக்கும் கருவி 55 நிமிடம் என்று சொல்லிவிடும். எந்த விமானம், எந்த ஓடுபாதை என்ற கேள்வியே அவற்றுக்குக் கிடையாது.

இந்த வழியில் பறப்பது டாஷ் 8 என்ற இரட்டை விசிறி விமானத்தின் சிறிய வகை. 37 இருக்கைகள், மணிக்கு 530 கி.மீ. அளவில் பயண வேகம். 822-ஐ 530-ஆல் வகுத்தால் 1 மணி 33 நிமிடம். ஜெட் கருவி சொன்ன ஒன்றரை மணிக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது பாருங்கள். தவறான வழியில் போட்ட கணக்கு, தற்செயலாகச் சரியான விடைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. பள்ளிக்கூடமாக இருந்தால் மதிப்பெண் கிடைத்திருக்கும். ஆனால் இந்த 1 மணி 33 நிமிடம் முழுவேகத்தில் பறக்கும் நேரம் மட்டுமே. மெதுவாக ஏறுவது, இறங்கும் வழியில் சுற்றிக்கொள்வது, தரையில் உருண்டு போவது எல்லாம் சேர்த்தால்தான் நான் சொன்ன 1 மணி 50 நிமிடம்.

ஏன் ஜெட் இல்லை? பல ஆண்டுகள் இதற்கு ஒரே பதில்தான் இருந்தது: நூக்கின் ஓடுபாதை. 1979-ல் திறந்தபோதிருந்தே அது ஒரு கி.மீ. நீளம்கூட இல்லாதது, 950 மீட்டர் அளவு. மலைக்கும் கடலுக்கும் நடுவே பாறையைச் செதுக்கிப் போட்ட சிறு பட்டை. அதில் பெரிய ஜெட் இறங்க முடியாது. ஆகவே கோபன்ஹேகனிலிருந்து வருபவர்கள் வடக்கே காங்கர்லுசுவாக்கில் இறங்கி, சிறு விமானத்துக்கு மாறி, மேலும் 320 கி.மீ. பறந்து தலைநகரத்துக்கு வந்தார்கள். காங்கர்லுசுவாக் இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கர்கள் போட்ட தளம். 2.8 கி.மீ. நீள ஓடுபாதை, சுற்றிலும் ஊர் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. ஒரு நாட்டின் முதன்மை விமான நிலையம் மக்கள் இல்லாத இடத்திலும், மக்கள் இருக்கும் தலைநகரத்தில் குட்டை ஓடுபாதையும் என்ற வேடிக்கை அரை நூற்றாண்டுக்கு அருகில் நீடித்தது. 2024 நவம்பர் 28-ல் நூக்கின் புதிய 2,200 மீட்டர் ஓடுபாதை திறந்தது. இப்போது கோபன்ஹேகனிலிருந்து ஏர்பஸ் 330 நேராகவே வந்து இறங்குகிறது.

அப்படியென்றால் இக்காலுயிட்டிலிருந்தும் ஜெட் விடலாமே? விடலாம்தான். இக்காலுயிட்டின் ஓடுபாதை 2,600 மீட்டருக்கு மேல். ஆனால் யார் ஏறுவார்கள்? இக்காலுயிட்டின் மக்கள்தொகை 2021 கணக்கெடுப்பில் 7,429. நூக்கில் சுமார் 20,000 பேர். இரண்டையும் கூட்டினாலும் தமிழ்நாட்டின் ஒரு பேரூராட்சி அளவு. நூற்றைம்பது இருக்கைகளை நிரப்ப ஆள் இல்லை. 37 இருக்கைகள் வாரத்துக்கு ஒரு முறை நிரம்பினாலே நல்ல செய்தி.

இக்காலுயிட்டின் ஓடுபாதையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், எனக்கு மிகவும் பிடித்த ஓடுபாதை அது. ஊருக்காக ஓடுபாதை வரவில்லை, ஓடுபாதைக்காகத்தான் ஊர் வந்தது. 1942-ல் அமெரிக்க விமானப்படை, போர் விமானங்களை ஐரோப்பாவுக்கு ஓட்டிச் செல்லும் வழியில் இறங்கி ஏற ஒரு தளம் தேடி இந்த விரிகுடாவுக்கு வந்தது. வேலைக்கு வந்த இனுயிட் மக்கள் (வடதுருவப் பகுதியின் பழங்குடிகள்) அதைச் சுற்றிக் குடியமர்ந்தார்கள். போருக்குப் பிறகு, நீண்ட தூரம் பறக்க முடியாத அந்தக் கால அட்லாண்டிக் விமானங்கள் இங்கே எரிபொருள் நிரப்பிக்கொண்டன. பின்னர் விமானங்கள் வலுப்பெற, நிற்காமல் தாண்டிப் போய்விட்டன. ஆனால் ஓடுபாதையின் நீளம் வீணாகவில்லை. ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவின் மேற்குக் கரைக்குப் போகும் பெரிய விமானங்களுக்கு இன்றும் அவசரத்துக்கு ஒதுங்கும் இடம் இது. 2017 பிப்ரவரியில் சூரிச்சிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் போன ஒரு போயிங் 777, எஞ்சின் ஒன்று நின்றுபோனதால் இங்கேதான் இறங்கியது. மாற்று எஞ்சினை வேறொரு விமானத்தில் கொண்டுவந்து பூட்டிய பிறகே அது கிளம்பியது. 2006-ல் ஏர்பஸ் 380-ஐக் குளிரில் நிறுத்திச் சோதித்துப் பார்த்ததும் இங்கேதான். இக்காலுயிட்டைத் தலைநகராகக் கொண்ட நூனவுட் ஆட்சிப்பகுதியின் 25 ஊர்களில் தார் போட்ட ஓடுபாதை உள்ளவை இக்காலுயிட்டும் ராங்கின் இன்லெட்டும் மட்டுமே. மற்றவை சரளைக்கல் பாதைகள். ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குச் சாலை என்பதே கிடையாது.

காற்றுக்கு வருவோம். இந்த அட்சரேகையில் பொதுவாக மேற்கிலிருந்து கிழக்கே வீசும் காற்றுத்தான் அதிகம். மணிக்கு 60 கி.மீ. காற்று பின்னாலிருந்து தள்ளினால் டாஷ் 8 தரையளவில் 590 கி.மீ. வேகத்தில் போகும், பறக்கும் நேரம் 1 மணி 24 நிமிடம். திரும்பி வரும்போது அதே காற்று முகத்தில் அடித்தால் வேகம் 470, நேரம் 1 மணி 45. ஒரே தூரத்தில் 21 நிமிட வித்தியாசம். ஜெட்டுக்கு இதே காற்று இவ்வளவு பாதிப்பைத் தராது. மெதுவான விமானத்தில்தான் காற்றின் கை ஓங்கும்.

விமானி இதைப் பயணியைவிட வேறு கண்ணோடு பார்ப்பார். பாஃபின் தீவின் கிழக்கோரத்திலுள்ள ஹால் தீபகற்பத்தைத் தாண்டிவிட்டால் பிறகு நூக் வரை டேவிஸ் நீரிணை, கீழே நீரும் பனிக்கட்டியும் மட்டும். நடுவழியில் ஒரு கோளாறு என்றால் முன்னே போவதா, திரும்புவதா? தூரத்தில் நடுப்புள்ளி 411-வது கி.மீ. ஆனால் மேலே சொன்ன காற்று பின்னாலிருந்து வீசினால், நேரத்தின் நடுப்புள்ளி இக்காலுயிட்டிலிருந்து 364-வது கி.மீ.யிலேயே வந்துவிடுகிறது. அதைத் தாண்டிவிட்டால், பின்னால் இருக்கும் ஊர் தூரத்தில் பக்கமாக இருந்தாலும், முன்னே போவதுதான் விரைவு. கிளம்பும் முன்பே இந்தப் புள்ளியைக் குறித்து வைத்துக்கொள்வார்கள்.

இன்னொரு கணக்கு, போய்ச் சேரும் ஊர் மூடியிருந்தால் எங்கே இறங்குவது என்பது. நூக் கடலோரத்தில் இருக்கிறது. மூடுபனி, பனிப்புயல், மலைகளிலிருந்து திடீரென்று இறங்கும் காற்று எல்லாம் அங்கு உண்டு. காங்கர்லுசுவாக் நீண்ட கடற்கழியின் உள்முனையில் இருப்பதால் பெரும்பாலும் தெளிவான வானம். நூக் மூடியிருந்தால் அங்கே போய் இறங்கலாம். அதற்கான எரிபொருளையும் சேர்த்துத்தான் எடுத்துச் செல்ல வேண்டும். எரிபொருள் கூடினால் சாமானோ ஆளோ குறைய வேண்டியிருக்கும். சிறு விமானத்தில் உங்கள் பெட்டி அடுத்த வாரம் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வடக்கே ஆள்களையும் பொருள்களையும் அனுப்பும் வேலையில் சில ஆண்டுகள் இருந்தவன் நான். ஒரு முறை இக்காலுயிட்டில் ஒரு நாள் வேலைக்காகப் போய் நான்கு நாள் உட்கார்ந்திருக்கிறேன். முதல் நாள் பனிப்புயல், இரண்டாம் நாளும் அதே புயல், மூன்றாம் நாள் ஊர் தெளிந்துவிட்டது, ஆனால் விமானம் வேறு ஊரில் மாட்டிக்கொண்டிருந்தது. உள்ளூர்க்காரர்கள் யாரும் முகம் சுளிக்கவில்லை. தினமும் காலையில் வந்து பலகையைப் பார்த்துவிட்டு, தெரிந்தவர்களோடு ஒரு காபி குடித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினார்கள். தெற்கிலிருந்து வந்த நாங்கள்தான் கைப்பேசியை நீட்டிக்கொண்டு சன்னலோரமாக அலைந்தோம்.

கடிகாரம் இன்னொரு குழப்பம். டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரங்கள் அந்தந்த ஊர் நேரங்கள். கோடையில் நூக்கின் கடிகாரம் இக்காலுயிட்டைவிட மூன்று மணி நேரம் முன்னால் இருக்கும். ஒரு மணிக்கு இக்காலுயிட்டில் கிளம்பினால் நூக்கில் இறங்கும்போது ஐந்தே முக்கால் ஆகியிருக்கும். டிக்கெட்டைப் பார்ப்பவருக்கு நான்கே முக்கால் மணி நேரப் பயணம்போலத் தோன்றும். திரும்பும்போது இன்னும் வேடிக்கை: நூக்கில் ஒரு மணிக்குக் கிளம்பினால் இக்காலுயிட்டில் பன்னிரண்டு மணிக்கு முன்பே இறங்கிவிடலாம். மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு ஏறி, மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு முன் இறங்குவது. கிரீன்லாந்து 2023-ல் தன் கடிகாரத்தை ஐரோப்பாவின் பக்கம் ஒரு மணி நேரம் நகர்த்திக்கொண்டது. அதனால் பழைய பயணக் குறிப்புகளில் இரண்டு மணி வித்தியாசம் என்று இருந்தால் நம்ப வேண்டாம். ஆனால் மார்ச்சில் இரண்டு மூன்று வாரமும், அக்டோபர் கடைசியில் ஒரு வாரமும் நிஜமாகவே இரண்டு மணிதான். கனடா வட அமெரிக்க நாள்காட்டிப்படி கடிகாரத்தை மாற்றுகிறது, கிரீன்லாந்து ஐரோப்பிய நாள்காட்டிப்படி மாற்றுகிறது. அந்த வாரங்கள் பொருந்துவதில்லை.

இப்போது, தேடியபோது வந்த இரண்டு நாள் பயணத்தைப் பார்ப்போம். நவம்பரில் நேரடி விமானம் இல்லை. ஆகவே கணினி உங்களை இப்படி அனுப்புகிறது: இக்காலுயிட்டிலிருந்து ஒட்டாவா, 2,100 கி.மீ. அங்கிருந்து டொராண்டோ, 360. டொராண்டோவிலிருந்து ஐஸ்லாந்தின் கெஃப்லாவிக், 4,170. கெஃப்லாவிக்கிலிருந்து திரும்பி மேற்கே நூக், 1,400. கூட்டினால் 8,000-க்கு மேல். தெற்கே இருபது பாகை இறங்கி, நூக்கையும் கடந்து கிழக்கே போய், மறுபடி பின்னோக்கி வந்து இறங்குகிறீர்கள். 2025 கோடையில் நியூயார்க்கை அடுத்த நியூவார்க்கிலிருந்து நூக்குக்கு நேரடி விமானம் தொடங்கியது. அந்த வழியில் மொத்தம் 5,600 கி.மீ., ஆனால் அதுவும் கோடைக்கு மட்டும். படகுச் சேவை என்று ஒன்று இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே இல்லவே இல்லை.

இதைப் புவியியல் செய்யவில்லை. கனடாவின் வடக்கு ஒட்டாவாவைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது, கிரீன்லாந்து கோபன்ஹேகனைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. மருத்துவம், மேற்படிப்பு, அரசு வேலை, கடைச் சரக்கு எல்லாம் அந்தந்தத் தெற்கிலிருந்து வருவதால் விமானங்களும் அந்தக் கோடுகளிலேயே ஓடுகின்றன. பக்கத்து வீட்டோடு பேச்சுவார்த்தை பெரிய வீடு வழியாகத்தான் என்பதுபோல. குறுக்கே போகும் விமானம் அவ்வப்போது தலைகாட்டும், ஆள் போதாமல் நின்றுவிடும். 2012-ல் ஒரு முறை கோடைச் சேவை தொடங்கிச் சில ஆண்டுகளில் முடிந்துபோனது. 2024 ஜூனில் கனடியன் நார்த், ஏர் கிரீன்லாந்து என்ற இரண்டு நிறுவனங்கள் கைகோத்து மறுபடி தொடங்கின, வாரம் ஒன்று, அக்டோபர் வரை.

இரு கரையிலும் இருப்பவர்கள் ஒரே மக்கள் என்பதுதான் இதில் மனத்தை உறுத்துவது. கனடாக் கரையில் பேசும் இனுக்டிடுட், கிரீன்லாந்தில் பேசும் கலாஅல்லிசுட் இரண்டும் உறவு மொழிகள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கித்லாருசுவாக் என்ற ஒரு தலைவர் பாஃபின் தீவிலிருந்து தன் கூட்டத்தாரை நாய்ச்சறுக்கு வண்டிகளில் அழைத்துக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் பயணம் செய்து, வடமேற்குக் கிரீன்லாந்தில் போய்ச் சேர்ந்தார். அங்கே இருந்தவர்கள் மறந்துபோயிருந்த தோல்படகு, வில் அம்பு போன்ற திறமைகளை அவர்கள் மறுபடி கற்றுக்கொடுத்தார்கள். இன்று இரு நாடுகளுக்கும் நிலத்தில் ஓர் எல்லைக்கோடுகூட உண்டு. 2022-ல் ஹான்ஸ் தீவு என்ற சிறு பாறைத் தீவை கனடாவும் டென்மார்க்கும் பங்கிட்டுக்கொண்டபோது வந்த கோடு அது. அந்தத் தீவில் குடியிருப்பவர் யாருமில்லை.

உங்கள் பயணத்துக்குத் தேவையான சில நடைமுறை விஷயங்கள். தேடும்போது ஊர்ப் பெயரை விட விமான நிலையக் குறியீட்டை அடிப்பது நல்லது: இக்காலுயிட்டுக்கு ஒய்.எஃப்.பி., நூக்குக்கு ஜி.ஓ.எச். இரண்டிலும் பழைய பெயர்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எஃப்.பி. என்பது 1987 வரை இருந்த ஃப்ரோபிஷர் பே என்ற பெயர், ஜி.ஓ.எச். டேனிஷ் ஆட்சி வைத்த கோட்ஹோப் என்ற பெயர். ஊர்ப் பெயரையே ஆங்கிலத்தில் அடிப்பதானால் 'க்யூ' எழுத்துக்குப் பின் பழக்க தோஷத்தில் 'யூ' சேர்த்துவிடாதீர்கள். இக்காலுயிட் என்றால் மீன்கள் நிறைந்த இடம். அந்த ஒரு எழுத்து கூடினால் பொருள் கழிவறைச் சங்கதியாகிவிடும். 2009-ல் கனடாப் பிரதமர் அலுவலகமே தன் செய்திக்குறிப்பில் அப்படி எழுதி ஊர் சிரித்தது.

அடுத்தது விசா. தம்பியின் பாஸ்போர்ட் இந்தியாவுடையது என்று எழுதியிருக்கிறீர்கள். கிரீன்லாந்து டென்மார்க்கின் அரசின் கீழ் இருந்தாலும் ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் பகுதியில் சேர்ந்ததில்லை. சாதாரண ஷெங்கன் விசா அங்கே செல்லாது. விண்ணப்பிக்கும்போதே கிரீன்லாந்து என்று குறிப்பிட்டு, விசா வில்லையில் கிரீன்லாந்துக்குச் செல்லும் என்று அச்சிடப்பட்டு வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கெஃப்லாவிக், நியூவார்க் வழியாகப் போனால் அந்தந்த நாட்டின் விதியும் சேரும். தம்பி கனடாவில் வேலை அனுமதியில் இருப்பவரானால், திரும்பி நுழைய அவருடைய கனடா விசா நடப்பில் இருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். வேலை அனுமதி வேறு, நுழைவு விசா வேறு. இரண்டு மணி நேரப் பயணம்தானே என்று கிளம்பி, நூக்கில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

நவம்பரை விட்டுவிட்டு ஜூலை அல்லது ஆகஸ்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்பதே என் யோசனை. வாராந்தர விமானம் அந்த ஆண்டு அட்டவணையில் இருக்கிறதா என்று இரண்டு நிறுவனங்களின் பக்கத்திலும் பார்த்துவிட்டு, அதை முதலில் வாங்குங்கள். டொராண்டோவிலிருந்து இக்காலுயிட் போகும் டிக்கெட்டைப் பிறகு வாங்கலாம், அது தினமும் கிடைக்கும். வாரம் ஒரு விமானம் என்பதால் நூக்கில் ஏழு நாள் தங்குவதற்குப் பணம் வைத்துக்கொள்ள வேண்டும், அது மலிவான ஊர் அல்ல. இக்காலுயிட்டில் விமானத்துக்கு இரண்டு நாள் முன்பாவது போய்ச் சேர்ந்துவிடுங்கள். திரும்பி வந்து டொராண்டோவில் அலுவலகம் சேரும் நாளுக்கும் நடுவே இரண்டு நாள் விடுங்கள். கிளம்பும்போது விமானத்தின் இடப்பக்கச் சன்னல் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ஹால் தீபகற்பம் முடிந்து நீர் தொடங்கும் இடத்தில், வானம் தெளிவாக இருந்தால், கம்பர்லாண்ட் கழியின் வாயும் அதில் மிதக்கும் பனிக்கட்டிகளும் அந்தப் பக்கம்தான் தெரியும்.